வகுப்பறைத் திரையும் டேப்லெட்டும்: தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குத் துணை நிற்பவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பள்ளிக்குள் நுழைந்ததும் "சார், போர்டு வேலை செய்யல" என்று ஒரு டீச்சர் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். பிளக் கழன்றிருக்கலாம், இணையம் நின்றிருக்கலாம். தொடுதிரைப் பலகை நன்றாகவே இருந்து, பிள்ளைகள் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம் மட்டும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் டீச்சர் சொல்வது அதே மூன்று சொற்கள்தான். எந்தக் கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் துணை நிற்பவரின் முதல் வேலை.

தமிழ்நாட்டில் 2022-இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அதன்பின் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற திட்டம் வந்தது, ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் வந்தது. கருவி வந்த வேகத்தில், ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வரவில்லை. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் பயிற்சி தரும் கருத்தாளராக நிற்பவர், "அவங்களுக்குத் தெரியும், அவங்களைக் கேளுங்க" என்று பள்ளியில் எல்லோரும் கைகாட்டும் அந்த ஒரு டீச்சர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளவற்றில் உங்கள் பள்ளியில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பிடியுங்கள். முதலில் கருவி, அப்புறம் ஆசிரியர், அப்புறம் பாடம் என்ற வரிசையில் பாருங்கள். கருவிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

ஒரே ஒரு விதி எல்லா அறிகுறிக்கும் பொது: கருவி ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவர் விரலால் அழுத்தட்டும். தொடக்கத்தில் நான் இப்படிச் செய்யவில்லை. ஒரு பள்ளிக்கு மூன்று முறை போனேன், மூன்று முறையும் நானே செட்டிங்ஸுக்குள் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். நான்காவது முறையும் அதே கோளாறுக்கு அழைப்பு வந்தது. கோளாறு வந்தால் எனக்கு போன் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அந்த டீச்சருக்கு நான் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அறிகுறி: பலகை துணி போர்த்திக் கிடக்கிறது

இதைப் பார்த்ததும் சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் பார்த்தவரை நான்கு காரணங்கள் இருக்கின்றன. கேட்கும் விதத்தில் கேட்டால் டீச்சரே சொல்லிவிடுவார்.

முதல் காரணம் இருப்புப் பதிவேடு. பலகை அதில் ஏறிவிட்டது. உடைந்தால் யார் பதில் சொல்வது? "ஏதாவது ஆச்சுன்னா என் சம்பளத்துல பிடிச்சுடுவாங்களோ" என்று ஒரு டீச்சர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இந்தப் பயம் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் ஏறாது. தலைமையாசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். பயன்படுத்தும்போது பழுதானால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். "டீச்சர், தைரியமா எடுத்துப் பயன்படுத்துங்க" என்ற சொல் தலைமையாசிரியர் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் நூறு தடவை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது சாவி. அறையின் சாவி பீரோவுக்குள், பீரோ சாவி தலைமையாசிரியர் பையில், அவர் அன்று கூட்டத்துக்குப் போயிருக்கிறார். காலையில் பள்ளி திறக்கும்போதே அந்த அறையையும் திறப்பது யார் பொறுப்பு என்று பேசி முடித்தால் போதும்.

மூன்றாவது, தொடங்க ஆகும் நேரம். பலகை எழுந்து இணையம் பிடித்து, பாடத்தைத் தேடி எடுப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும். அதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். ஒருமுறை அப்படி நடந்த டீச்சர் மறுமுறை துணியை விலக்க மாட்டார், அவர் கணக்கு சரியான கணக்கு. காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே பலகையைப் போட்டு, அன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காணொலியையோ படத்தையோ திறந்து நிறுத்தி வைக்கப் பழக்குங்கள். பாடவேளை வரும்போது ஒரு தொடுதலில் தொடங்க வேண்டும்.

நான்காவதுதான் ஆழமானது. பிள்ளைகள் முன்னால் தெரியாதவராக நிற்க அவருக்கு மனமில்லை. இருபது வருடமாகக் கரும்பலகையில் சுண்ணக்கட்டி பிடித்து முத்து முத்தாக எழுதியவருக்கு, தொடுதிரையில் எழுதும்போது கோணல் கோணலாக வருகிறது. அதை ஐந்தாம் வகுப்புப் பையன் பார்த்துச் சிரிக்கிறான். இதற்கு மருந்து தனிமை. பள்ளி விட்டபின் இருபது நிமிடம், பிள்ளைகள் இல்லாத அறையில், அவரும் நீங்களும் மட்டும் இருங்கள். அவர் பெயரை எழுதட்டும், கோலம் போடட்டும், அழிக்கட்டும், மறுபடி எழுதட்டும். பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். விரல் பழகினால் போதும்.

அறிகுறி: தொட்ட இடம் ஒன்று, புள்ளி விழும் இடம் ஒன்று, யாரும் தொடாமலே தானாகத் திறக்கிறது

பள்ளிகளில் இருக்கும் பெரிய தொடுதிரைகள் பெரும்பாலும் அகச்சிவப்பு வகை. செல்போன் திரையைப் போல விரலின் மின்தன்மையை அவை உணர்வதில்லை. சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் அவற்றை மறிக்கும் இடத்தைத்தான் பலகை 'தொட்ட இடம்' என்று எடுத்துக்கொள்கிறது. இந்த ஒன்றை டீச்சருக்குப் புரியவைத்துவிட்டால் பாதிக் கோளாறுகளை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

கதிரை மறிப்பது எதுவானாலும் பலகைக்கு அது விரல்தான். சட்டத்தின் உள்விளிம்பில் படிந்த சுண்ணப்பொடி, யாரோ ஒட்டிய ஸ்டிக்கர், மூலையில் கூடு கட்டிய பூச்சி, எழுதும்போது திரையை உரசும் வளையல், தோளிலிருந்து நழுவிய முந்தானை, எல்லாமே விரல்தான். ஆகவே செய்ய வேண்டியவை:

1. பலகையை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் நான்கு உள்விளிம்புகளையும் துடைக்கச் சொல்லுங்கள். ஈரத்துணி வேண்டாம், தண்ணீர் தெளிக்கவே கூடாது.
2. ஜன்னல் வெயில் நேராகச் சட்டத்தில் விழுகிறதா என்று பாருங்கள். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் தொடுதல் குழம்பும். காலையில் மட்டும் தொல்லை தருகிற பலகைக்குக் கிழக்கு ஜன்னலில் ஒரு பழைய சேலையைக் கட்டினால் சரியாகிவிடும்.
3. இன்னும் புள்ளி தள்ளித் தள்ளி விழுந்தால், செட்டிங்ஸில் தொடுதலைச் சீரமைக்கும் பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். திரையில் தோன்றும் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு முடிக்க வேண்டும்.

இதே தன்மையில் ஒரு நன்மையும் உண்டு. பலகை பெரியவர் உயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. அகச்சிவப்புத் திரைக்கு விரல்தான் வேண்டும் என்றில்லை. முனையில் துணி சுற்றிய ஒரு குச்சி போதும், பிள்ளை தரையில் நின்றபடியே தொடலாம்.

புரொஜெக்டர் வைத்திருக்கும் பள்ளி என்றால், தொடு பகுதியோ புரொஜெக்டரோ ஒரு விரற்கடை நகர்ந்தாலும் புள்ளி தவறும். மறுபடி சீரமைக்க வேண்டியதுதான். விளக்கு வகைப் புரொஜெக்டரை அணைத்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள், விசிறி ஓய்ந்தபின் அணையுங்கள்.

அறிகுறி: படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை

டீச்சரின் போனிலிருந்து ஓட்டினால், அது வேறு ஏதோ புளூடூத் கருவியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அறை ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்திருந்தால், ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மடிக்கணினியில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அறிகுறி: பாடப்புத்தகத்துக் கியூஆர் கோடு திறக்கவில்லை, காணொலி சுற்றிக்கொண்டே இருக்கிறது

2018-லிருந்து வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. அட்டை போட்டு, வியர்வைக் கை பட்டு, நான்கு பேர் கைமாறிய புத்தகத்தில் அது மங்கிப்போயிருக்கும். கோடுக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசின் பாடக் காணொலிகள் இருக்கும் தீக்ஷா செயலியிலோ தளத்திலோ அந்தக் குறியீட்டைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் திறக்கும்.

தளங்கள் எல்லாமே "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சொல்லித் திறக்க மறுத்தால், தேதியைப் பாருங்கள். சார்ஜ் முற்றிலும் இறங்கி நாள்கணக்கில் கிடந்த டேப்லெட்டில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறானால் இணையம் நம்பாது. தானியங்கித் தேதியை இயக்கினால் சரியாகிவிடும்.

டீச்சரின் போன் ஹாட்ஸ்பாட்டைப் பலகை காணவே மாட்டேன் என்றால், ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கலாம். 2.4-க்கு மாற்றுங்கள், பழைய கருவிகளுக்கு அது மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம்விட நல்ல வழி, வகுப்பறையில் இணையத்தை நம்பாமல் இருப்பது. தீக்ஷாவில் பல பாடங்களைப் பதிவிறக்கி வைக்கலாம். ஞாயிறு மாலையில் வீட்டில், சிக்னல் இருக்கும் இடத்தில், அந்த வாரத்துக்கு வேண்டிய மூன்றே மூன்று காணொலிகள் போதும். முப்பது இறக்கி வைத்தால் வகுப்பில் தேடவே நேரம் போகும்.

அறிகுறி: காணொலி ஓடும்போது பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை

கருவியில் எந்தக் கோளாறும் இருக்காது. டீச்சரும் புகார் சொல்ல மாட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அருமையான வகுப்பாகத் தெரியும், புகைப்படமும் அழகாக வரும். அதனால்தான் இந்த அறிகுறியை எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று நினைக்கிறேன்.

அமைதியைக் கற்றல் என்று எடுத்துக்கொண்டதே இங்கே பிழை. ஆறு நிமிடம் வாய் திறக்காமல் பார்த்த பிள்ளை வீட்டில் டிவி பார்ப்பதைப் போலவே பார்த்திருக்கிறது.

நான் செய்வது இது. டீச்சரோடு உட்கார்ந்து அந்தக் காணொலியை முதலில் நாங்கள் இருவரும் பார்ப்போம். விதை முளைப்பது பற்றிய ஆறு நிமிடக் காணொலி என்று வைத்துக்கொள்வோம். "டீச்சர், இதுல எங்க நிறுத்தலாம்?" என்று கேட்பேன். அவரே சொல்வார். விதை தண்ணீர் குடித்து உப்பும் இடம். முதலில் வெளியே வருவது வேரா, இலையா என்று தெரியப்போகும் நொடிக்குச் சற்று முன்னால். இரண்டிலையும் விரிந்த இடம். ஆக மூன்று நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியை அவர் கையாலேயே பாடக்குறிப்பில் எழுதச் சொல்வேன். நிறுத்தும் நிமிடத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. "வேர் வந்துச்சா?" என்று கேட்டால் "வந்துச்சு டீச்சர்" என்று முப்பது குரலும் சேர்ந்து கத்தும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்க வழியில்லை. "அடுத்து என்ன வெளியே வரும்? சிலேட்ல வரைஞ்சு வச்சுக்கோங்க" என்று சொன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். வரைந்தபின் காணொலியை ஓட்டினால், தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். முன்பு பார்த்த கண்ணும் இப்போது பார்க்கும் கண்ணும் வேறு.

கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். திரை இருக்கும் வகுப்பில் காத்திருப்பது இன்னும் கடினம், ஏனென்றால் விரல் மறுபடி ஓட்டவே துடிக்கும். நிறுத்தியதும் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு அடி நடந்து வரச் சொல்லுங்கள். நடந்து முடிவதற்குள் 3 விநாடி ஆகிவிடும்.

கையில் கொண்டுவர முடிகிற பொருளுக்குத் திரை வேண்டாம் என்பதும் என் உறுதியான கருத்து. பச்சைப்பயறை இரவில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஓரிரு நாளில் முளை விடுகிறது. அதைப் பிள்ளை தன் கையில் பிடித்துப் பார்க்கட்டும். திரை எதற்கு என்றால், நாள்கணக்கில் நடப்பதைச் சில நொடிகளில் ஓட்டிக் காட்டுவதற்கு, மண்ணுக்குள் வேர் போகும் வழியைக் காட்டுவதற்கு. கண்ணால் பார்க்க முடியாததற்கு மட்டும் திரை. கணக்கிலும் அப்படித்தான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டையும் புளியங்கொட்டையையும் தொட்டு எண்ணாத பிள்ளைக்குத் திரையில் தாவும் எண்கள் வெறும் படம்.

அறிகுறி: எப்போதும் அதே இரண்டு பிள்ளைகள்தான் பலகைக்கு வருகிறார்கள்

வகுப்பின் கெட்டிக்காரப் பையனும், வீட்டில் போன் பிடித்துப் பழகிய இன்னொரு பிள்ளையும் மட்டும் வருவார்கள். மற்ற இருபத்தைந்து பேரும் பார்வையாளர்கள். எல்லோர் பெயரையும் ஐஸ் குச்சிகளில் எழுதி டம்ளரில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு படி உண்டு. எல்லோரும் சிலேட்டில் விடையை எழுதிய பிறகுதான் குச்சி எடுக்க வேண்டும். அப்போது வருகிற பிள்ளை கையில் விடையோடு வருகிறது, பலகை முன்னால் வெறுங்கையோடு நின்று கூசிப்போகாது. பெண்பிள்ளைகள் எத்தனை பேர் தொட்டார்கள் என்று ஒரு வாரம் சும்மா எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் டீச்சரிடம் காட்டுங்கள், அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அறிகுறி: இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரு திரை, "இதை எப்படி சார் பண்றது?"

நியாயமான கேள்வி. ஈராசிரியர் பள்ளி நம் ஊரில் ஏராளம். பயிற்சியில் காட்டப்படும் வகுப்போ எப்போதும் ஒரே வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்த வகுப்பு.

இந்தப் பள்ளிகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. டீச்சர் மலர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேகமாகப் பாடம் நடத்துவார். இன்னும் எழுத்து பிடிபடாத அரும்புப் பிள்ளைகளைத் திரை முன்னால் உட்காரவைத்து எழுத்துப் பாட்டு போட்டுவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார், பாட்டு பிடிக்குமே என்று. ஆனால் ஆசிரியர் யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்குத் திரையும், திரையை வைத்துத் தானே சமாளிக்கக்கூடிய பிள்ளைக்கு ஆசிரியரும் கிடைக்கிறார்கள். மாற்றிப் போடச் சொல்லுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் செய்ய முடிகிற மலர்ப் பிள்ளைகள் திரைப் பக்கம் போகட்டும், டீச்சர் தரையில் அரும்புப் பிள்ளைகளோடு உட்காரட்டும்.

மலர்க் குழுவுக்குத் திரையில் என்ன போடுவது? காணொலி வேண்டாம், சத்தம் மற்ற இரண்டு குழுவையும் இழுத்துவிடும். ஒரு படமும் அதற்குக் கீழே மூன்று வேலையும் போதும். "படத்தில் உள்ளவற்றில் ஐந்தின் பெயரை எழுது. ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேள்." ஊர்ச் சந்தையை டீச்சரே தன் போனில் எடுத்த படம் என்றால் இன்னும் நல்லது. "அது எங்க பாட்டி கடை!" என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். பத்து நிமிடம் ஆனதும் படத்தை மாற்ற ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள்.

மொட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அட்டைகளும் பயிற்சிநூலும் இருக்கின்றன. மூன்று குழுவையும் திரையால் நடத்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பயிற்றுநராகிய நாம் எதிர்பார்ப்பதும் தப்பு.

அறிகுறி: டேப்லெட் மதிப்பீட்டுப் பதிவுக்கு மட்டும் வெளியே வருகிறது

மதிப்பெண் ஏற்ற வேண்டிய கடைசி நாள் இரவு, வீட்டில் சோறு வடித்துக்கொண்டே ஒரு கையால் பதிவேற்றிக்கொண்டிருக்கும் டீச்சரிடம் "டேப்லெட்டைப் பாடத்துக்குப் பயன்படுத்துங்க" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருவது சரிதான். முதலில் பதிவேற்றும் சுமையைக் குறையுங்கள். மதிப்பீடு முடிந்த அன்றே, பள்ளியிலேயே, பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

செயலி நின்று நின்று ஓடினால் ஒரு எச்சரிக்கை: செட்டிங்ஸில் கேஷ் (செயலி தற்காலிகமாகச் சேர்த்து வைப்பது) அழிப்பது வேறு, தரவு முழுவதையும் அழிப்பது வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இன்னும் மேலே போய்ச் சேராத பதிவுகள் டேப்லெட்டிலேயே காத்திருக்கலாம். தரவை அழித்தால் அவை போய்விடும். இருபத்தெட்டுப் பிள்ளைகளின் மதிப்பீட்டை ஒரு டீச்சர் மறுபடி எடுக்க நேர்ந்ததைப் பார்த்தபிறகு, பதிவுகள் எல்லாம் ஏறிவிட்டனவா என்று பார்க்காமல் அந்தப் பக்கமே போக விடுவதில்லை.

இடம் நிரம்பிவிட்டது என்று வந்தால் வாட்ஸாப் குழுக்களில் தானாக இறங்கிய படங்களைத்தான் முதலில் பாருங்கள். தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம்தான் பாடம். ஏற்றி முடித்த மதிப்பெண்ணை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வாரம் எந்த மூணு பிள்ளைங்க பக்கத்துல நீங்க உட்காரணும்னு இது சொல்லுது?" பட்டியலைப் பார்த்து மூன்று பெயரை அவர் எழுதட்டும். அடுத்த வாரம் அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். யாருக்காகப் பதிவேற்றினோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

அறிகுறி: பயிற்சியில் எல்லாம் செய்தார், பள்ளிக்குப் போனதும் எதுவும் நடக்கவில்லை

பயிற்சி அறையில் ஏசி இருந்தது, இணையம் இருந்தது, பிள்ளைகள் இல்லை. பள்ளியில் எல்லாமே தலைகீழ். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலிருந்து இதைத்தான் எழுதிவந்தார்கள். விளக்கமும் செய்துகாட்டலும் பயிற்சி அறையில் பழகிப்பார்ப்பதும் மட்டும் இருந்தால் புதிய முறை வகுப்பறைக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. பள்ளியிலேயே ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் நின்று துணை செய்யும்போதுதான் அது நிலைக்கிறது.

பயிற்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள், ஒரு மாதம் கழித்துப் போனால் மறந்திருக்கும். போகும்போது கற்றுக்கொடுக்க ஒரே ஒரு விஷயம்தான் கொண்டுபோங்கள். முதல் முறை நீங்கள் பத்து நிமிடம் நடத்துங்கள், டீச்சர் பார்க்கட்டும். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து. மூன்றாம் முறை அவர் நடத்தட்டும். நீங்கள் கடைசி வரிசையில், தரையில், பிள்ளைகளோடு உட்காருங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது ஆய்வு ஆகிவிடும்.

குறிப்பேட்டில் டீச்சர் என்ன செய்தார் என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். "நிறுத்தியபோது 19 பிள்ளைகள் சிலேட்டில் வரைந்தார்கள். ஜன்னலோரத்தில் 4 பேருக்கு வெயிலில் திரை தெரியவில்லை." இதைப் படிக்கும் டீச்சர் தன்னைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த நாலு பேரை எங்கே உட்காரவைக்கலாம் என்றுதான் யோசிப்பார். அந்தக் குறிப்பை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒரே ஒரு முறை மேலே போனாலும் அடுத்த முறை உங்களுக்காக ஒத்திகை பார்த்த வகுப்புதான் நடக்கும்.

அறிகுறி: எல்லாவற்றுக்கும் உங்களையே அழைக்கிறார்

போனில் விடை சொல்லும் முன் "போன தடவை என்ன செஞ்சோம் டீச்சர்?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவரே சொல்லி அவரே முடித்துவிடுவார். அடுத்த முறை போகும்போது, அடிக்கடி வரும் மூன்று கோளாறுகளையும் தீர்வையும் அவர் கையெழுத்தில், அவர் சொற்களில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அச்சடித்த தாளை யாரும் படிப்பதில்லை. சக ஆசிரியர் கேட்டால் அந்தத் தாளைக் காட்டி விளக்குவது அவர் வேலை என்றாகட்டும்.

எரிந்த வாடை, புகை, திரை விரிசல், தொட்டால் ஷாக் ஆகிய நான்குக்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், தகவல் சொல்ல வேண்டியதுதான்.

அறிகுறி: "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ், என்னை விட்டுடுங்க"

விட்டுவிடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம்.

இப்படிச் சொன்ன ஒரு டீச்சரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நரிக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல். நடுவில் நிறுத்தி, "அப்ப காக்கா என்ன நினைச்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். 3 விநாடி இல்லை, 10 விநாடி. காணொலியை எங்கே நிறுத்துவது என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் எந்தத் திரையும் இல்லாமல் முப்பது வருடமாகச் செய்துவந்திருக்கிறார்.

வகுப்பு முடிந்ததும் அவருடைய டேப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்து, "டீச்சர், இந்தக் கதையை மறுபடி சொல்லுங்க. இந்தச் சிவப்புப் பட்டனை மட்டும் அழுத்திட்டுச் சொல்லுங்க" என்றேன். ஒலிப்பதிவு நான்கு நிமிடம் ஓடியது. மறுநாள் பக்கத்து அறையில் இளம் டீச்சர் அதை ஒன்றாம் வகுப்புக்குப் போட்டார். தன் குரலைக் கேட்டு முகம் மலரும் பிள்ளைகளைக் கதவோரத்தில் நின்று மூத்த டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நான் போனபோது டேப்லெட்டில் பதினோரு கதைகள் இருந்தன. சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பட்டன் எதற்கு என்று அவரே கேட்டார்.